மச்சான் கொண்டுவந்த பைக்

1

போன வாரம் இங்கே சைக்கிள் கடையில் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்.

பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் கரகரவென்று அரைக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கடைக்காரர் அளவெடுத்தார், கணினியில் தேடினார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தாம் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். என் வண்டியின் அச்சு அளவுக்கு இப்போது யாரும் ஹப் செய்வதில்லையாம். கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து அளவை மாற்றிவிட்டார்களாம். பிரேக் நன்றாக இருக்கிறது, முன்பக்க ஷாக் அப்சர்பர் நன்றாக இருக்கிறது, ஃபிரேமில் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானுக்காக முழு வண்டியையும் மறந்துவிடச் சொன்னார். வாங்கும்போது இதே கடையில்தான் ஆயுசுக்கும் ஓடும் என்றார்கள். யாருடைய ஆயுசுக்கு என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு சின்ன ஊர். பால் பொருள் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. ஊரைச் சுற்றி மலை, மலையெல்லாம் சைக்கிள் பாதை. வந்த புதிதில் கூட வேலை செய்பவர்கள் ஒருநாள் இழுத்துப் போனார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

வீடும் ஒரு பழைய மரவீடு. இந்த ஊர் ஈரத்துக்குக் கூரைத் தகரத்தில் பாசி பிடிக்கும், ஓரத்துத் தூம்பு அடைத்துக்கொள்ளும், அடைத்த தண்ணீர் சுவருக்குள் இறங்கும். ஆளைக் கூப்பிட்டால் அடுத்த மாதம் வருகிறேன் என்பான். வந்தவன் வேலையைப் பார்க்காமல் விலையை மட்டும் சொல்லிவிட்டுப் போவான். பின்பக்கம் இற்றுப்போன மரப்படியை மாற்றலாம் என்றால் நகராட்சி அனுமதி வேண்டும். அனுமதிக்கு வரைபடம் வேண்டும். அவர்கள் இழுத்தடித்த நேரத்தில் அந்தப் படியில் காளான் முளைத்துவிட்டது. ஆக, ஆலையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து வீட்டோடு மல்லுக்கட்டுவேன். சனிக்கிழமை சைக்கிளோடு. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் இருக்கும் இன்னொரு வீட்டைப் போனில் பார்ப்பேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2

முதலில் என் மகன் ஜோயலின் தமிழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே பிறந்தவன். தமிழ் பேசுவான், ஆனால் அவன் செய்யும் பிழைகளில் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. என்னிடமே வந்து, "அப்பா, எங்க வீட்டு கூரை ஒழுகுது" என்பான். நானும் இந்த வீட்டில்தானே இருக்கிறேன், நம்ம வீடு என்று சொல் என்பேன். அவனுக்குப் புரியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்கிற ஆளை உள்ளே சேர்க்கிறோமா, வாசலில் நிறுத்துகிறோமா என்ற கவலை அந்த மொழிக்கு இல்லை. முன்பெல்லாம் என்னோடு மலைக்கு வருவான், இப்போது வருவதில்லை. திண்டிவனத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் பிழையே விடுவதில்லை. "உங்க ஊர்ல" என்று சரியாகச் சொல்வான்.

அந்த வீட்டை அப்பா கட்டியது 1993இல். விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நானும் தங்கை செல்வியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டுமே என்று அப்பா திண்டிவனத்தில் மனை வாங்கிக் கட்டினார். பணம் தீர்ந்து தீர்ந்து வேலை நிற்கும். ஜன்னலுக்கு வேப்பமரம், உள்கதவுக்குப் பலகை என்று எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தவர், பின்கதவுக்கு மட்டும் புதுச்சேரி வரை போய்த் தேக்கு வாங்கிவந்தார். முன்பக்கம் தெருவே காவல் இருக்கும், கொல்லைப் பக்கம்தான் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கதவை மாட்டியபோது நானும் செல்வியும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

செல்வியை வளவனூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அந்தோணிக்குக் கரும்பு லாரி ஏஜென்ட்டிடம் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, எனக்குப் பங்கு வேண்டாம், அண்ணன் பேரிலேயே இருக்கட்டும் என்று செல்வி வந்து கையெழுத்துப் போட்டாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் போட்டாள். அப்படிப்பட்ட தங்கை என்று இங்கே எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

சாவியை அவர்களிடமே கொடுத்தேன். செலவுக்கு அவ்வப்போது அனுப்புவேன். போனில் படம் பார்க்கும் வசதி வந்த பிறகு, ஞாயிறு பூசை முடிந்ததும் செல்வி வளவனூரிலிருந்து பஸ் ஏறி வந்து வீட்டைத் திறந்து காட்டுவாள். வாசல் தெரியும், ஹால் தெரியும், சுவரில் அப்பா அம்மா படம் தெரியும். ஹாலைத் தாண்டும்போது சார்ஜ் தீர்ந்துவிடும், இல்லாவிட்டால் சிக்னல் போய்விடும். எல்லாம் நல்லா இருக்குதுண்ணா என்பாள். இந்த ஊர்க் கூரையோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்காரும் எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

3

இங்கே நான் புது மலை சைக்கிள் வாங்கியபோது, நல்ல நிலையில் இருந்த பழையதைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் வைக்க நினைத்தேன். லீவில் போகும்போதெல்லாம் காலையில் பெருமுக்கல் மலை வரை மிதித்துவிட்டு வரலாமே என்ற ஆசை. அதைப் போனில் மாப்பிள்ளையிடம் சொன்னபோதுதான் கூத்து நடந்தது. இந்த ஊர்ப் பேச்சு வாயில் ஒட்டிக்கொண்டதில், "என் பைக்கைக் கொண்டு வர்றேன் மாப்ள, நம்ம வீட்லதான் வெக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே பைக் என்றால் சைக்கிள். நம் ஊரில் பைக் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அதுவரை ஒரு இற்றுப்போன மொபெட்டில் ஓடிக்கொண்டிருந்த மனிதர். வெளிநாட்டு வண்டி வருகிறது, மச்சான் இங்கேதான் விட்டுவிட்டுப் போவார் என்று வளவனூர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். திண்டிவனம் வீட்டுப் பக்கத்தில் தகரம் போட்டு ஒரு கொட்டகை இறக்கியிருக்கிறார். பங்குச் சாமியாரிடம் சொல்லி வண்டியை மந்திரிக்கவும் ஏற்பாடு. நான் போய் இறங்கியபோது வாசலில் செல்வி மாலையோடு நிற்கிறாள், சாமியார் தீர்த்தச் செம்போடு நிற்கிறார், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நான் டாக்ஸியின் மேலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினேன்.

மாப்பிள்ளை பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ஜினு தனியா கப்பல்ல வருதா மச்சான்?"

விஷயம் புரிந்ததும் தெரு முழுக்கச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நான்தான். சாமியார் நல்ல மனிதர். நான் வண்டியின் பாகங்களைப் பூட்டி முடிக்கும் வரை காத்திருந்து, சைக்கிளுக்கே தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். செல்வி ஹேண்டில் பாரில் மாலையைப் போட்டாள். மாப்பிள்ளையும் சிரித்தார், எல்லோருக்கும் பிறகு.

அந்த லீவு முழுக்க விடிந்ததும் பெருமுக்கல்லுக்குப் போனேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் அந்த கியர் மாறும் சத்தம் எனக்குக் கோவில் மணிபோல் கேட்டது. கிளம்பும்போது வண்டியைத் துடைத்து எண்ணெய் விட்டு, போர்வை போர்த்தி உள்ளறையில் நிறுத்தினேன். நுணுக்கமான சாமான், யாருக்கும் மிதிக்கக் கொடுக்க வேண்டாம் என்று செல்வியிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

4

அதற்குப் பிறகு ஒன்று மாற்றி ஒன்று வந்து, சில வருடம் ஊருக்குப் போக முடியவில்லை. போன வருடம்தான் தனியாகப் போனேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை, லோடு இருக்கிறதாம். செல்வி மட்டும் சாவியோடு வந்தாள். கதவைத் திறந்துவிட்டவள், வழக்கமாக எனக்கு முன்னால் உள்ளே போகிறவள், அன்றைக்கு வாசலிலேயே நின்று கொடியில் ஏதோ துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நான் நேராக உள்ளறைக்குப் போய்ப் போர்வையை உருவினேன்.

ஃபிரேம் என்னுடையது. மற்றது எதுவும் என்னுடையதில்லை. இரண்டு சக்கரமும் நம் ஊர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிளின் ஒல்லிச் சக்கரங்கள். அச்சு சேராத இடத்தில் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைச் சுத்தியலால் தட்டி வளைத்து உட்கார வைத்திருந்தார்கள். டிஸ்க் பிரேக் பிடிக்க ஒன்றுமில்லாமல் கம்பியில் கட்டித் தொங்கியது. சீட்டு, பெடல், ஹேண்டில் பார் எல்லாம் இலவச சைக்கிளின் சாமான். போன வாரம் கடைக்காரர் எதுவும் பொருந்தாது என்று வருந்தியபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்தியிருந்தது.

கை கழுவக் குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. பித்தளைக் குழாய் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய். மோட்டாரைப் போடலாம் என்று பின்னால் போனால், மோட்டார் இருந்த மேடையில் நான்கு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. படுக்கையறை ஃபேன் வேறு ஃபேன். சமையலறையில் சிங்க் இருந்த இடத்தில் ஓட்டை. ஹாலுக்குப் பின்னால், போன் ஒருநாளும் எட்டிப்பார்க்காத இடத்தில், அப்பாவின் தேக்குக் கதவு இல்லை. நிலையில் ஒரு தகரக் கதவை ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள். அது வழியாக மழை உள்ளே வந்து சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது.

வாசலுக்கு வந்தேன். செல்வி இல்லை. மத்தியான சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

5

மறுநாள் வளவனூருக்குப் போனேன். விழுப்புரத்தில் பஸ் மாறி உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க மாப்பிள்ளையை எப்படிக் கேட்பது என்றுதான் யோசனை. வீட்டு மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டால் அதற்கான பதிலைத் தங்கைதான் வருடக்கணக்கில் அனுபவிக்க வேண்டியிருக்கும். அதனால் மாப்பிள்ளையை விட்டுவிடலாம், செல்வியிடம் மட்டும் பேசலாம் என்று முடிவு செய்தேன். அவர் உனக்குத் தெரியாமல் செய்துவிட்டார், அப்படித்தானே என்று கேட்பேன். ஆமாண்ணா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மோட்டாரும் சைக்கிளும் யாருக்கு வேண்டும்? என் தங்கை எனக்கு மிஞ்சிவிடுவாள்.

அவர்கள் வாசலில் செல்வியின் மகளுடைய பள்ளிக்கூட சைக்கிள் நின்றது. அதில் என் தடித்த மலை டயர்கள். உள்ளே என் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. சமையலறையில் என் சிங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைப் பக்கம் அப்பாவின் கதவு நின்றது, புதிதாக வார்னிஷ் அடித்து.

மாப்பிள்ளை வாங்க மச்சான் என்றார், சேரைத் துடைத்துப் போட்டார், சோடா வாங்கிவருகிறேன் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். செல்வி கேப்பை அடையும் மல்லாட்டைச் சட்னியும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நான் தட்டைத் தொடவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னேன். மாப்பிள்ளை உனக்குத் தெரியாமல் செய்திருப்பார், எனக்குத் தெரியும் என்றேன்.

"அவரு எதுவும் பண்ணலண்ணா. நான்தான் கயட்டிக்கினு வரச் சொன்னேன்."

அவளே பேசினாள். குரலில் கோபமே இல்லை. மோட்டார் ஓடாமல் கிடந்தால் ஜாம் ஆகிவிடும், அங்கே யாருக்கு ஓடப் போகிறது என்றாள். இவர்கள் வீட்டில் கோடை வந்தால் தெருக்குழாய்க்குக் குடத்தோடு நிற்க வேண்டியிருந்தது என்றாள். பெண்ணுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளின் சக்கரம் இரண்டே மாதத்தில் கோணிவிட்டது என்றாள்.

"உங்க வீட்ல ஆளு இல்லண்ணா. எங்க வீட்ல ஆளு இருக்குது."

"நம்ம வீடுன்னு சொல்லு செல்வி."

ஜோயலிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். தானாக வந்துவிட்டது.

"கையெழுத்து போட்டப்பறம் அது எப்படிண்ணா நம்ம வீடு? நான் சரியாத்தான் பேசறேன்."

கேட்டிருந்தால் எல்லாவற்றையும் நானே புதிதாக வாங்கித் தந்திருப்பேனே, ஞாயிறு தோறும் போனில் என் முகத்தைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நீ வாங்கித் தருவாய் என்று தெரியும், வாங்கித் தருவது வேண்டாமென்றுதான் சொல்லவில்லை என்றாள். அதுகூட எனக்கு ஒருவாறு புரிந்தது. புரியாதது ஒன்றுதான்.

"மோட்டாரு சரி, சைக்கிளு சரி. கதவை எதுக்கும்மா எடுத்தாந்த?"

"அது எங்க அப்பா வாங்கின கதவு."

ஒரே வயிற்றில் பிறந்தவளிடம் எங்க அப்பா என்ற சொல்லைக் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியவில்லை. யாராவது புதிய ஆளிடம் சொல்ல வேண்டிய சொல் அது. வாய் தவறி வந்திருக்கும், உடனே திருத்திக்கொள்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சட்னிக் கிண்ணத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். நான் எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை சோடாவோடு எதிரில் வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

6

இங்கே திரும்பிய பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை செல்வியிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தது, எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. நீங்களே கூப்பிடுங்களேன் என்று என் மனைவி ரீட்டா சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டு என்ன பேசுவது? திருட்டுக் கொடுத்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. மோட்டார் ஒரு சாமான், வேறு வாங்கலாம். என்னை என் அப்பாவிடமிருந்து கயட்டி வெளியே வைத்துவிட்டாளே, அது ஆறவில்லை. கூடப் பிறந்தவள் செய்தாள் என்பது நினைக்க நினைக்க எரிகிறது.

இந்த மாதம் அப்பாவின் நினைவு நாள் வந்தது. வருடா வருடம் திண்டிவனம் கோவிலில் செல்விதான் அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பாள். பூசை தொடங்கும் முன், யாருடைய ஆன்மா இளைப்பாற்றிக்கு, யார் ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று பெயர் சொல்லி வாசிப்பார்கள். எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து, பிள்ளைகள் என்று வாசிக்கச் சொல்வாள். ரீட்டாவின் அம்மா அந்த ஊர்தான், இந்த முறையும் பூசைக்குப் போயிருந்தார். வந்து போனில் ரீட்டாவிடம் சொன்னார். மகள் செல்வி குடும்பத்தார் என்று மட்டும்தான் வாசித்தார்களாம். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ரீட்டா எனக்குச் சமாதானம் சொன்னாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் இந்த ஊர்க் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். என் அப்பாவுக்கு ஒரு பூசை வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண்மணி அப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு யார் ஒப்புக்கொடுப்பதாக வாசிக்க வேண்டும், பிள்ளைகள் என்று போடட்டுமா என்று கேட்டார்.

மகன் என்று மட்டும் போடச் சொன்னேன்.